மான் வேட்டைக்கும் வீட்டுப் பாதுகாப்புக்கும் ஒரே லீவர்-ஆக்‌ஷன் ரைஃபிள்: எந்தக் காலிபர்?

ஒஹாயோவில் கொலம்பஸுக்கு வெளியே வீடு, கையில் கிரீன் கார்டு, வீட்டில் மனைவியும் இரண்டு சின்னப் பிள்ளைகளும். வருகிற சீசனில் நண்பரின் பண்ணையை ஒட்டிய காட்டில் முதல்முறையாக மான் வேட்டைக்குப் போகப் போகிறீர்கள். அதே துப்பாக்கி வீட்டுப் பாதுகாப்புக்கும் ஆக வேண்டும், தேவைப்பட்டால் மனைவியும் கையாள வேண்டும், லீவர்-ஆக்‌ஷன்தான், அதாவது விசையடியில் உள்ள நெம்புகோலை முன்னும் பின்னும் இயக்கித் தோட்டா ஏற்றும் வகைதான், வேண்டும் என்கிறீர்கள். .30-30, .357 மேக்னம், .44 மேக்னம், .45-70 ஆகிய நான்கு காலிபர்களில், அதாவது தோட்டா அளவுகளில், எதை வாங்கலாம் என்பது உங்கள் கேள்வி. அதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: காட்டில் ஒரு மானைத் துன்புறுத்தாமல் வீழ்த்துகிற அளவுக்கு வலுவுள்ள தோட்டாவை, சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் தூங்கும் வீட்டுக்குள்ளும் நம்பி வைத்திருக்க முடியுமா? முடியும், சில நிபந்தனைகளோடு. உங்கள் நிலைமைக்கு என் பதில் .357 மேக்னம். வேட்டைதான் முதன்மை, வீடு இரண்டாம்பட்சம் என்றால் .44 மேக்னம்.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் உங்கள் பட்டியலில் ஒன்றை அதுவே அடித்துவிடுகிறது. ஒஹாயோவில் மான் வேட்டைக்கு எல்லா ரைஃபிளும் செல்லாது. 2014-லிருந்து நேர்ச்சுவர்த் தோட்டாக்களுக்கு, அதாவது பித்தளைக் கூடு மேலே கழுத்துபோல் குறுகாமல் நேராகப் போகும் தோட்டாக்களுக்கு, அனுமதி உண்டு, குண்டின் விட்டம் .357-லிருந்து .50 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். .30-30-க்குக் கழுத்து உண்டு, குண்டும் .308 அங்குலம்தான். அதனால் லீவர் ரைஃபிள் என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருகிற இந்தத் தோட்டாவைக் கொண்டு ஒஹாயோவில் மானைச் சுட முடியாது. மற்ற மூன்றும் செல்லும். இன்னொரு விதியும் இருக்கிறது: மான் வேட்டையின்போது சேம்பரையும் (சுடத் தயாராகத் தோட்டா அமரும் அறை) மேகசினையும் (மீதித் தோட்டாக்கள் காத்திருக்கும் கூடு) சேர்த்து மூன்று தோட்டாக்களுக்கு மேல் நிரப்பக் கூடாது. பத்துத் தோட்டா கொள்ளும் ரைஃபிளாக இருந்தாலும் காட்டில் மூன்றுதான். முதல்முறை உரிமம் எடுப்பவர் வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் அப்ரென்டிஸ் உரிமத்தில் அனுபவமுள்ள ஒருவருடன் போக வேண்டும். துப்பாக்கி சீசனில் ஆரஞ்சு நிற மேலாடை கட்டாயம். விதிகள் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவதால், மாநில வனவிலங்குத் துறை வெளியிடும் அந்த ஆண்டுக் கையேட்டைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

கிரீன் கார்டு இருப்பதால் உங்களுக்கு வாங்குவதில் கூட்டாட்சிச் சட்டத் தடை இல்லை. கடையில் துப்பாக்கி வாங்குவோருக்கான 4473 படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்தால் போதும். ஆனால் இதை ஹெச்-1பி, எல்-1, எஃப்-1 விசாவில் இருக்கும் நம்மவர்களும் படிக்கக்கூடும், அவர்களுக்காகச் சொல்கிறேன். குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே கூட்டாட்சிக் குற்றம். அதற்குள்ள விதிவிலக்குகளில் ஒன்று, ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம். உரிமம் காலாவதியான மறுநாளே, அலமாரியில் சும்மா இருக்கும் துப்பாக்கியும் குற்றப்பொருளாகிவிடும். நண்பரின் துப்பாக்கியைச் சுடுதளத்தில் வாங்கிச் சுட்டுப் பார்ப்பதும் இதே விதிக்குள் வரும். விசா, கிரீன் கார்டு, குடியுரிமை எல்லாமே இதில் மாட்டிக்கொள்ளும் என்பதால், சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்ட பிறகே தொடுங்கள்.

காலிபர்களை ஒப்பிடும் முன் லீவர் ரைஃபிளின் அமைப்பில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலானவற்றில் தோட்டாக்கள் பேரலுக்கு அடியில் ஒரு குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னால் இருக்கும் தோட்டாவின் மூக்கு, முன்னால் இருப்பதன் பிரைமரை, அதாவது அடிபட்டால் தீப்பொறி தந்து வெடிமருந்தைக் கொளுத்தும் அடிப்பகுதியை, தொட்டுக்கொண்டிருக்கும். கூர்மூக்குக் குண்டாக இருந்தால், சுடும்போது வரும் உதையில் அந்த மூக்கு பிரைமரைக் குத்திக் குழாய்க்குள்ளேயே தோட்டா வெடிக்கலாம். அதனால்தான் இந்தத் தோட்டாக்களுக்குத் தட்டை மூக்கு. தட்டை மூக்கு காற்றை மோசமாகக் கிழிக்கும். வேகம் சீக்கிரம் விழும். லீவர் ரைஃபிளைக் கிட்டத்துத் துப்பாக்கி என்று சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான். தோட்டா நிறுவனமான ஹார்னடியின் லெவரெவல்யூஷன் வரிசை, ரப்பர்போல் நெகிழும் முனை வைத்து இந்தச் சிக்கலை ஓரளவு தீர்த்திருக்கிறது. சாதாரணக் கடின பிளாஸ்டிக் முனைத் தோட்டாவை, பார்வைக்கு ஒன்றுபோல இருக்கிறதே என்று, குழாய் மேகசினில் போட்டுவிடாதீர்கள். வாங்கும் பெட்டியில் குழாய் மேகசினுக்கு ஏற்றது என்று எழுதியிருக்க வேண்டும்.

.30-30 பற்றிச் சுருக்கமாக. 1895-ல் வின்செஸ்டர் 1894 மாடலுக்காக வந்தது. 150 கிரெய்ன் குண்டு வினாடிக்கு சுமார் 2,390 அடி வேகத்தில் கிளம்பி 1,900 அடி-பவுண்டு ஆற்றல் தரும். கிரெய்ன் என்பது குண்டின் எடை அளவு, அடி-பவுண்டு அதன் ஆற்றல் அளவு. 100 யார்டில் குறி பொருத்தினால் 200 யார்டில் சுமார் 8 அங்குலம் கீழே இறங்கும். நூறாண்டுக்கும் மேலாக வெள்ளைவால் மானுக்குப் போதுமானது என்று நிரூபித்த தோட்டா, உதையும் மிதம். நீங்கள் பென்சில்வேனியாவிலோ கென்டக்கியிலோ மேற்கு வர்ஜீனியாவிலோ இருந்திருந்தால் வேட்டைக்கு இதைத்தான் சொல்லியிருப்பேன். அந்த வீச்சு ஒஹாயோவிலேயே வேண்டுமென்றால், .30-30-இன் கூட்டையே நேர்ச்சுவராக்கி ரெமிங்டன் 2023-ல் கொண்டுவந்த .360 பக்ஹேமர் இருக்கிறது: 200 கிரெய்ன், வினாடிக்கு 2,200 அடி. வேட்டைக்கு அருமையான தோட்டா. ஆனால் விற்பனையில் உள்ள தோட்டா வகைகள் மிகக் குறைவு, மலிவான பயிற்சித் தோட்டா கிடையாது, வீட்டுக்குள் அதன் வலு தேவைக்கு மிக அதிகம்.

.45-70 பழைய ராணுவத் தோட்டா, 1873-ல் பிறந்தது. இன்றைய 325 கிரெய்ன் ஹார்னடி தோட்டா 2,050 அடி வேகத்தில் 3,000 அடி-பவுண்டைத் தாண்டும். கரடிக்கும் எல்க்குக்கும் சரி, ஒஹாயோ மானுக்கு அவ்வளவு வேண்டியதில்லை. அதைவிடப் பெரிய தடை உதை. ஏழு பவுண்டு ரைஃபிளில் .357 தரும் உதையைப்போல் ஐந்தாறு மடங்கை இது தோளில் போடும். முதல் துப்பாக்கியாக இதை வாங்குகிறவர் பத்துத் தோட்டா சுட்டதும் கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுக்கப் பழகிவிடுவார். அந்தப் பழக்கத்தை விடுவிக்க மாதக்கணக்கில் ஆகும். மெதுவாகப் போகும் 405 கிரெய்ன் தோட்டாக்கள், சுமார் 1,330 அடி வேகத்தில், ஓரளவு மென்மையானவை. ஆனாலும் வீட்டுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இதைக் கையாள்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கடையில் இதே பெயரில் மென்மையான தோட்டாவும் விற்கும், அழுத்தம் மிக அதிகமான தோட்டாவும் விற்கும். பழைய ட்ராப்டோர் ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கியில் பின்னதைப் போட்டால் துப்பாக்கி உடைந்து ஆளையும் காயப்படுத்தும்.

.44 மேக்னம் 1955-ல் ரிவால்வருக்காக வந்தாலும், ரைஃபிள் பேரலில்தான் அதன் முழு வலுவும் தெரியும். 240 கிரெய்ன் குண்டு 1,760 அடி வேகத்தில் 1,650 அடி-பவுண்டு. 100 யார்டில் சுமார் 1,000 மீதம் இருக்கும். நுழையும் துளையே கிட்டத்தட்ட அரை அங்குலம் என்பதால் ரத்தத் தடம் தெளிவாக விழும். அடர்ந்த புதரில் விழுந்த மானைத் தேடும்போது அதன் அருமை தெரியும். உதை .30-30 அளவுக்குத்தான். குறை என்னவென்றால் பயிற்சிச் செலவு. மெதுவான .44 ஸ்பெஷல் தோட்டாவும் இதில் சுடலாம், ஆனால் அது .357 ரைஃபிளில் சுடக்கூடிய மெதுவான .38 ஸ்பெஷல்போல எங்கும் கிடைப்பதில்லை, விலையும் குறைவில்லை. பழைய மார்லின் 1894 வாங்கினால் இன்னொன்றையும் கவனியுங்கள்: அதன் பேரலில் குண்டைச் சுழலவைக்கும் சுருள்வரி 38 அங்குலத்துக்கு ஒரு சுற்றுதான். 240 கிரெய்னுக்குச் சரி, 300 கிரெய்ன் போன்ற நீளக் குண்டுகள் நிலைகொள்ளாமல் சிதறலாம். ரூகர் நிறுவனம் மார்லினை வாங்கியபின் செய்யும் 1894-ல் 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று, அதில் இந்தத் தொல்லை இல்லை.

இனி .357. 1935-ல் வந்த இந்தத் தோட்டா நாலு அங்குல ரிவால்வரில் 158 கிரெய்ன் குண்டை சுமார் 1,235 அடி வேகத்தில் தள்ளி 535 அடி-பவுண்டு தரும். அதே தோட்டா 16 முதல் 18 அங்குல ரைஃபிள் பேரலில் 1,800 அடியைத் தொட்டு 1,100 அடி-பவுண்டைத் தாண்டும், அதாவது இரண்டு மடங்குக்கு மேல். வெடிமருந்து எரிந்து முடிக்க அந்த நீளம் போதும். 24 அங்குல பேரல் வாங்குவதில் பெரிய லாபம் இல்லை. 75 யார்டில் குறி பொருத்தினால் 100 யார்டில் சுமார் 2 அங்குலம், 125-ல் ஐந்தாறு அங்குலம், 150-ல் கிட்டத்தட்ட ஓர் அடி இறங்கும். இந்த எண்கள் உங்கள் பேரலுக்கும் தோட்டாவுக்கும் ஏற்பக் கொஞ்சம் மாறும், ஆனால் வளைவின் போக்கு மாறாது. 100 யார்டுக்குள் நேராகப் போகும், அதைத் தாண்டியதும் மடமடவென்று விழும். ஆகவே இதை 100 யார்டுத் துப்பாக்கி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சீசனில் 75-க்குள் நிறுத்திக்கொள்வது இன்னும் நல்லது. பண்ணையோரக் காட்டில் மரங்களுக்கிடையே உட்கார்ந்து காத்திருப்பவருக்குப் பெரும்பாலான மான்கள் அந்தத் தூரத்துக்குள்தான் தெரியும். அறுவடை முடிந்த சோள வயலைப் பார்த்து உட்காரப் போகிறீர்கள் என்றால் 150, 200 யார்டில் மான் நிற்கும். அப்போது இந்தத் தோட்டா தவறான தேர்வு.

.357-ஐக் குறை சொல்பவர்களின் அனுபவத்தில் பெரும்பாலும் குற்றவாளி குண்டின் வகைதான். 125 கிரெய்ன் குழிமூக்குக் குண்டுகள் (மூக்கில் குழி இருப்பதால் பட்டதும் விரிபவை) கைத்துப்பாக்கி வேகத்துக்காகச் செய்யப்பட்டவை. ரைஃபிளில் அவை 2,000 அடிக்கு மேல் பாய்ந்து, மானின் தோள் எலும்பில் பட்டதும் சிதறி, நுரையீரலை எட்டாமலே நின்றுவிடக்கூடும். தசையில் பெரிய காயம், மான் ஓடிவிடும், இரண்டு நாள் கழித்து எங்கோ சாகும். மானுக்கு 158 கிரெய்ன் மென்மூக்குக் குண்டு, அல்லது ஈயத்தோடு உறை ஒட்டவைக்கப்பட்ட 158 முதல் 180 கிரெய்ன் குண்டு எடுங்கள். மான் பக்கவாட்டில் நிற்கும்போது, முன்காலுக்குச் சற்றுப் பின்னால், மார்பின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வைத்தால் இரு நுரையீரலையும் துளைத்து மறுபக்கம் வெளியேறும். தோள் எலும்பைக் குறிவைக்காதீர்கள். நேர் எதிரே பார்த்து நிற்கும் மானையும், பின்புறம் காட்டிப் போகும் மானையும் இந்தக் காலிபரில் விட்டுவிடுங்கள்.

மானுக்கு 1,000 அடி-பவுண்டு இருந்தாக வேண்டும் என்று ஒரு கணக்கைப் பலர் விதிபோல ஒப்பிப்பார்கள். அதன்படி .357 சுமார் 25 யார்டிலேயே தோற்றுவிடும், .44 நூறில் தோற்கும். நடைமுறை அப்படி இல்லை. விலங்கைக் கொல்வது இதயம், நுரையீரல் வழியாகப் போகும் துளை. போதிய ஆழம் போய், போதிய அளவு விரிந்தால் வேலை முடிகிறது. ஆற்றல் எண் அந்தத் துளையை நேரடியாகச் சொல்வதில்லை. அதற்காக எண்ணைத் தூக்கி எறியவும் முடியாது: ஆற்றல் குறையக் குறைய, கொஞ்சம் தவறி எலும்பில் படும் குண்டுக்கு மன்னிப்பு கிடைப்பதும் குறையும். .357-க்கும் .44-க்கும் உள்ள உண்மையான வித்தியாசம் அந்த மன்னிப்பின் அளவுதான். சரியான இடத்தில் பட்ட 60 யார்டு குண்டில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. வேறுபாடு தெரிவது பிசகிய குண்டில்.

வீட்டுக்கு வருவோம். உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று: ஒரு ஆளைத் தடுத்து நிறுத்தும் ஆற்றலுள்ள எந்தக் குண்டும் அமெரிக்க வீட்டின் உட்சுவரைத் துளைக்கும். அந்தச் சுவர் இரண்டு அரை அங்குல ஜிப்சம் பலகை, நடுவே வெற்றிடம், அங்கங்கே மரக்கட்டை. கைத்துப்பாக்கிக் குண்டே பல சுவர்களைத் தாண்டும். வினைல் பலகை ஒட்டிய வெளிச்சுவரும் பெரிய தடை இல்லை, பக்கத்து வீடுவரை போகலாம். எஃப்பிஐ தரத்தில், உடல் தசைக்குப் பதிலாகச் சோதிக்கும் ஜெலட்டினில் 12 முதல் 18 அங்குலம் போகும் குண்டைப் போதுமானது என்பார்கள். அந்த 12 அங்குலத்தைத் தொடும் எதுவும் ஜிப்சம் பலகையில் நிற்காது. எனவே சுவர் துளைக்காத தோட்டா என்ற பெயரில் விற்பவர்களை நம்பாதீர்கள். தோட்டாவால் குறைக்க முடிவது அபாயத்தின் அளவு மட்டும். .45-70-ஐ விட .38 ஸ்பெஷல் குழிமூக்குக் குண்டு சுவர்களைத் தாண்டியபின் மிகக் குறைந்த வலுவோடு இருக்கும். மீதி அபாயத்தைத் தீர்ப்பது எந்தத் திசையில் சுடுகிறீர்கள் என்பதுதான். இன்றே வீட்டைச் சுற்றி நடந்து, பிள்ளைகளின் கட்டில் எந்தச் சுவரை ஒட்டி இருக்கிறது, படுக்கையறை வாசலைப் பார்த்துச் சுட்டால் குண்டு எங்கே போகும் என்று பாருங்கள். ஆபத்து வந்தால் எல்லோரும் ஒரே அறையில் கூடி, கதவைப் பூட்டி, 911-க்கு அழைத்து, வாசலை நோக்கி இருப்பதுதான் திட்டமாக இருக்க வேண்டும். துப்பாக்கியோடு வீட்டைச் சுற்றித் தேடக் கிளம்பக் கூடாது. வளரும் பிள்ளை இரவில் தண்ணீர் குடிக்க எழுந்து வரும் வீடு அது.

.357-ஐ நான் தேர்ந்தெடுப்பதற்கு முக்கியக் காரணமே அதே ரைஃபிளில் .38 ஸ்பெஷலும் சுடலாம் என்பது. காட்டுக்கு மேக்னம், வீட்டுக்கும் பயிற்சிக்கும் .38. ரைஃபிளில் .38-இன் உதை குழந்தைத்தனமானது என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. உங்கள் மனைவி முதல் நாளே பயமின்றி ஐம்பது தோட்டா சுடலாம். சத்தமும் குறைவு. சாதாரண 158 கிரெய்ன் .38 ரைஃபிள் பேரலிலும் ஒலியின் வேகத்துக்குள், அதாவது சுமார் 1,125 அடிக்குள் இருப்பதால் சாட்டையடிபோன்ற அந்த வெடிப்பொலி வராது. மூடிய அறைக்குள் மேக்னம் சுட்டால் காது நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம், சில விநாடிகளுக்கு எதுவும் கேட்காமல் போகலாம். பிள்ளை கூப்பிடுவதும் கேட்காது. .38-உம் காதுக்குப் பாதுகாப்பானதல்ல, ஆனால் வித்தியாசம் பெரிது. வீட்டுக்கு 125 கிரெய்ன் அளவிலான .38 ஸ்பெஷல் ப்ளஸ்-பி (சற்று அதிக அழுத்தமுள்ள வகை) குழிமூக்கு எடுங்கள். இரண்டு அங்குல ரிவால்வரில் விரியத் தயங்கும் குண்டுகூட ரைஃபிளின் கூடுதல் வேகத்தில் விரிய வாய்ப்பு அதிகம். வெறும் ஈய உருண்டைமூக்கு விரியாமல் ஊடுருவிப் போய்க்கொண்டே இருக்கும், அதைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இரட்டைப் பயனில் மூன்று சிக்கல்கள் உண்டு. ஒன்று, .38-இன் கூடு 1.155 அங்குலம், .357-இன் கூடு 1.29. நிறைய .38 சுட்டபின் சேம்பரில் அந்த இடைவெளியில் ஒரு கரிவளையம் படியும். அதற்குமேல் மேக்னத்தைத் தள்ளினால் இறுக்கமாக நுழையும், சுட்டபின் கூடு ஒட்டிக்கொண்டு வெளியே வராது. மேக்னம் சுடப்போகும் முன் வெண்கலத் தூரிகையால் சேம்பரைக் கரைப்பான் போட்டுத் தேய்த்துவிடுங்கள். இரண்டு, நீளம் குறைந்த தோட்டாக்கள் சில ரைஃபிள்களில் தூக்கியில், அதாவது தோட்டாவைக் குழாயிலிருந்து சேம்பருக்கு உயர்த்தும் தகட்டில், சரியாக உட்காராமல் சிக்கும். கூட்டின் விளிம்போடு மட்டமாக இருக்கும் தட்டையான வாட்கட்டர் தோட்டாக்கள் பெரும்பாலும் ஓடவே ஓடாது. நீங்கள் வீட்டுக்கு வைக்கப்போகும் அதே தோட்டாவை குறைந்தது ஐம்பது, ஒரு தடங்கலும் இல்லாமல் ஓட்டிப் பார்த்தபின்தான் நம்ப வேண்டும். மூன்று, மேக்னத்துக்குப் பொருத்திய குறியில் .38 வேறு இடத்தில் படும். வீட்டுத் தூரத்தில் அது பொருட்டில்லை. 50 யார்டில் பொருட்டாகும். வேட்டை நாளில் குழாயில் .38 ஒன்றுகூட மிச்சம் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு கிளம்புங்கள்.

காலிபரைவிட அதிகமாக ஆட்களைக் கைவிடுவது லீவரை இயக்கும் முறை. லீவரை முழுக்க, அது தட்டி நிற்கும்வரை முன்னே தள்ளி, அதே வேகத்தில் முழுக்கப் பின்னே இழுக்க வேண்டும். பாதியில் தயங்கித் திருப்பினால் பழைய கூடு வெளியேறாது, அல்லது புதிய தோட்டா தூக்கியில் கோணலாக நின்று சிக்கிக்கொள்ளும். மென்மையாகக் கையாள்வதுதான் மரியாதை என்று நினைப்பவர்களுக்குத்தான் இது அதிகம் நடக்கும். தோளிலிருந்து எடுக்காமல் லீவரை அடிக்கப் பழகுங்கள். அடுத்து, பல மார்லின்களில் ரிசீவரில், அதாவது லீவரும் சுத்தியும் அடங்கிய நடுப்பகுதியில், ஒரு குறுக்குப் பொத்தான் பாதுகாப்பு இருக்கும். அது போட்டிருக்கும்போது விசையை இழுத்தால் சுத்தி விழும், க்ளிக் என்று சத்தம் வரும், குண்டு போகாது. அவசரத்தில் அந்த க்ளிக் உயிரைக் கேட்கலாம். வீட்டில் சேம்பர் காலியாக, சுத்தி இறங்கி, குழாயில் மட்டும் தோட்டாவோடு வைப்பதுதான் சரி. அந்த நிலையில் பொத்தானைப் போட வேண்டியதில்லை, லீவரை ஒருமுறை இயக்கினால் துப்பாக்கி தயார். காட்டில் சேம்பரில் தோட்டா இருக்கும்போது சுத்தியை அரைநிலையில் நிறுத்துவார்கள். கட்டைவிரலால் சுத்தியைப் பிடித்து இறக்கும்போது வழுக்கினால் சுட்டுவிடும், குளிரில் கையுறையோடு இது அடிக்கடி நடக்கும். காலி துப்பாக்கியில், கையுறை போட்டுக்கொண்டு, நூறு முறை பழகியபின் காட்டில் செய்யுங்கள்.

தோட்டாக்களை வெளியே எடுப்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். பக்கவாட்டு வாயில் மட்டும் உள்ள ரைஃபிளில் குழாயைக் காலிசெய்ய வேண்டுமானால் ஒவ்வொரு தோட்டாவையும் லீவரால் சேம்பருக்குக் கொண்டுவந்து வெளியேற்ற வேண்டும். வீட்டுக்காக நிரப்பி வைத்த குழாயை வேட்டைக்குக் கிளம்பும் முன் காலிசெய்ய, கராஜில் நின்று, எட்டு முறை உயிருள்ள தோட்டாவைச் சேம்பரில் ஏற்றுகிறீர்கள் என்று பொருள். சில ஹென்றி மாடல்களில் பக்கவாயிலோடு முன்பக்கக் குழாயையும் உருவலாம். உள்குழாயை உருவிச் சாய்த்தால் தோட்டாக்கள் கையில் விழும், சேம்பரில் இருப்பதை மட்டும் லீவரால் எடுத்தால் போதும். பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்த வசதிக்காகவே நான் அதற்குக் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன். சேமிப்பைப் பொறுத்தவரை ஒரே வழிதான்: விரலாலோ எண்ணாலோ விரைவில் திறக்கும் பெட்டகம், தரையோடோ சுவரோடோ போல்ட் அடித்தது. அலமாரி மேல்தட்டு, கட்டிலடி எல்லாம் பிள்ளைகளுக்குத் தெரிந்த இடங்கள். எப்போது சுடச் சட்டம் அனுமதிக்கிறது என்பது தனிக் கேள்வி. 2021-லிருந்து ஒஹாயோவில் பின்வாங்கும் கடமை இல்லை என்றாலும், அதற்கு எல்லைகள் உண்டு. அதைத் துப்பாக்கிக்காரரிடம் கேட்காமல் உள்ளூர் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

எந்த ரைஃபிள் என்றால், ராஸ்ஸி ஆர்92, ஹென்றி பிக் பாய், மார்லின் 1894 மூன்றிலும் .357 உண்டு. 16 முதல் 18 அங்குல பேரல் எடுங்கள், கதவு, படிக்கட்டுத் திருப்பங்களில் கைக்கு அடங்கும். பழைய பாணி யு-வடிவப் பின்குறியில் அந்திநேரத்தில் ஒன்றும் தெரியாது. அதை வட்டத் துளைப் பின்குறியாக மாற்றுங்கள், அல்லது குறியிடத்தில் சிவப்புப் புள்ளி காட்டும் ரெட் டாட் கருவியைப் பொருத்த மேலே ரெயில் உள்ளதாக வாங்குங்கள். மான் வருவதும் அந்திநேரம்தான், வீட்டில் ஆபத்து வருவதும் இருட்டில்தான். விளக்கு மாட்ட முன்கட்டையில் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். யாரென்று பார்க்காமல் சுடக் கூடாது என்பதால் விளக்கு இல்லாத வீட்டுத் துப்பாக்கி முழுமையானதல்ல. பழைய மார்லின் 1894 வாங்கினால், தூக்கியின் அடிப்பகுதியில் லீவரின் முனை உரசி ஒரு பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்தத் தேய்மானம் அதிகமானால் தூக்கி உயரம் குறைந்து, குழாயிலிருந்து இரண்டாவது தோட்டா அடியில் நுழைந்து துப்பாக்கி மொத்தமாகப் பூட்டிக்கொள்ளும். துப்பாக்கி பழுதுபார்ப்பவர் சரிசெய்ய முடியும், ஆனால் விலை பேசும்போது அதைக் கணக்கில் எடுங்கள். கடையில் போலித் தோட்டாக்கள் வைத்து, .38 நீளத்திலும் .357 நீளத்திலும், லீவரை வேகமாகவும் மெதுவாகவும் இயக்கிப் பார்க்கக் கேளுங்கள்.

வாங்கியபின், சீசனுக்கு முன் ஒரு வேலை. எட்டு அங்குலக் காகிதத் தட்டை ஐம்பது யார்டில் ஒட்டி, மேசையில் சாய்ந்து சுடாமல், காட்டில் எப்படி உட்காருவீர்களோ அப்படி உட்கார்ந்து மேக்னத்தில் ஐந்து சுடுங்கள். மானின் நெஞ்சறை ஏறக்குறைய அந்தத் தட்டின் அளவுதான். ஐந்தும் தட்டில் இருந்தால் 75-க்கு நகர்த்துங்கள், பிறகு 100. ஒன்று தவறிய தூரத்துக்கு முந்தைய தூரம்தான் அந்த ஆண்டு உங்கள் எல்லை. மான் அதைத் தாண்டி நின்றால் சுத்தியைத் தொடாதீர்கள். சுட்டபின் மான் ஓடிவிட்டால் அது நின்றிருந்த இடத்தையும் கடைசியாகத் தெரிந்த மரத்தையும் மனதில் குறித்துக்கொண்டு, குறைந்தது அரை மணி நேரம் உட்கார்ந்த இடத்திலேயே இருங்கள். உடனே பின்தொடர்ந்தால் படுத்துச் சாக இருந்த மான் எழுந்து அடுத்தவர் நிலத்துக்குள் ஓடும், அங்கே நுழைய உங்களுக்கு அனுமதி வேண்டியிருக்கும். நண்பரின் பண்ணைக்கு அக்கம்பக்கத்தில் யார் யார் நிலம் என்று சீசனுக்கு முன்பே அவரோடு போய்ப் பேசி வைத்துவிடுங்கள்.